பழைய மடிக்கணினிக்கு ரேம் கூட்டலாமா?

"சார், அந்த லேப்டாப் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது. கடையில கேட்டா புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க." கல்லூரியில் சேர்ந்த பழைய மாணவர்கள் பள்ளிப் பக்கம் வரும்போது இப்படிச் சொல்லக் கேட்காத ஆசிரியர் குறைவு. புதிய மடிக்கணினி என்றால் முப்பது, நாற்பதாயிரம் ரூபாய். கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பல மாத வருமானம். அவர்கள் கடன் வாங்கப் போவதற்கு முன்பு யாராவது ஒருவர் அந்தப் பழைய கணினியை நன்றாகப் பார்த்துவிட்டு, இன்னும் சில ஆண்டுகள் ஓடும் அல்லது ஓடாது என்று சொல்ல வேண்டும். பல ஊர்களில் அந்த ஒருவர் நாமாகத்தான் இருப்போம்.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட பல மடிக்கணினிகளில் இருந்தது 2 ஜிபி ரேம். அன்றைக்கு அது போதுமானது. பாடக் குறிப்பு தட்டச்சு செய்யலாம், படம் பார்க்கலாம், இணையத்திலும் உலாவலாம். இன்று உலாவியில் எமிஸ் தளத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு காணொலியையும் ஒரு வினாத்தாள் கோப்பையும் திறந்து வைத்தாலே அந்த 2 ஜிபி திணறிவிடும். கணினி தேய்ந்துபோனது காரணமல்ல, நாம் அதன்மேல் ஏற்றும் சுமை கூடிவிட்டது.

எதனால் மெதுவாகிறது?

ரேம் என்பதை ஆசிரியர் அறை மேசையாக எண்ணிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் என்பது தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் பீரோ. திருத்த வேண்டிய நோட்டுகள் மேசையில் இருந்தால் கை நீட்டி எடுத்துவிடலாம். மேசை நிறைந்துவிட்டால் ஒரு கட்டைப் பீரோவில் வைத்துவிட்டு வேறு கட்டை எடுத்து வர வேண்டும். கணினியும் இதையேதான் செய்கிறது. ரேம் நிறைந்ததும், அப்போது பயன்படாத தகவலை ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதிக்கு மாற்றுகிறது. நாம் அந்தச் சன்னலைத் திரும்பத் திறக்கும்போது மறுபடி எடுத்து வருகிறது.

இந்த நடையின் தூரத்தை எண்ணில் பார்த்தால்தான் விஷயம் புரியும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 60-ஐ 5400-ஆல் வகுத்தால் 11.1 மில்லி விநாடி. தேவையான இடம் முள்ளுக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி விநாடி. முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் சுமார் 15 மில்லி விநாடி. இது ரேமைவிட ஒன்றரை லட்சம் மடங்கு. மேசையில் இருக்கும் நோட்டை எடுக்க 1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பீரோவுக்குப் போய்வர 41 மணி நேரத்துக்கு மேல் ஆகும்! எட்டாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். 10-இன் அடுக்கு -7, 10-இன் அடுக்கு -3 என்று எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

எஸ்எஸ்டி என்னும் சுழலாத சேமிப்பகத்தில் இதே வேலை ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடியில் முடியும். நம் மேசைக் கணக்கில் 1000 விநாடி, அதாவது பதினேழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ரேமுக்கு ஈடில்லைதான். ஆனால் 41 மணி நேரத்துக்கும் பதினேழு நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. அடுத்து வரும் முடிவு இதைப் பொறுத்தது.

வாங்கும் முன் அளந்து பாருங்கள்

"ரேம் போட்டா சரியாயிடும்" என்று கடையில் சொல்வார்கள். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். மெதுவாக இயங்கும் எல்லாக் கணினிக்கும் ரேம் மருந்தல்ல. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் முன் வெப்பமானி வைப்பதுபோல இங்கும் ஒரு சோதனை உண்டு. செலவே இல்லை.

கணினியை இயக்கி ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக எதையெல்லாம் திறப்பீர்களோ அதையெல்லாம் திறங்கள். விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் மெமரி, டிஸ்க், சிபியு மூன்றின் சதவீதத்தையும் கவனியுங்கள். மெமரி 90-ஐ ஒட்டி நிற்கிறது, டிஸ்க்கும் 100-ஐத் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் மேசை நிறைந்து பீரோவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதற்கு ரேம் கூட்டுவது பயன் தரும். மெமரி 50, 60-இல் இருக்க டிஸ்க் மட்டும் 100-இல் நின்றால் ரேம் வாங்கிப் பயனில்லை. ஹார்ட் டிஸ்க் மிக மெதுவாக இருக்கிறது அல்லது பழுதாகத் தொடங்கியிருக்கிறது. முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுங்கள். பிறகு எஸ்எஸ்டி மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். சிபியு மட்டும் முழுவதும் ஏறி நின்று, விசிறியும் இரைந்தால் உள்ளே தூசி அடைத்திருக்கலாம், அல்லது வேண்டாத நிரல் ஏதோ ஒன்று பின்னணியில் ஓடலாம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தால் வரும் அட்டவணையில் 'ஃப்ரீ' என்ற பத்தியில் எண் மிகச் சிறிதாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் அண்மையில் படித்த கோப்புகளை வைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே காலி செய்து தரும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற பத்தி.

என் கருத்து இது: 2 ஜிபி மட்டும் உள்ள கணினிக்கு முதலில் ரேம். 4 ஜிபி இருந்து, பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினிக்கு முதலில் எஸ்எஸ்டி, பணம் மிஞ்சினால் ரேம். இரண்டையும் செய்தாலும் செலவு புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

உங்கள் கணினி ஏற்றுக்கொள்ளுமா?

இங்கேதான் பணம் வீணாவது நடக்கும். ஆகவே இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கூடுதல் ரேமைச் செருக இடம் இருக்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்டுகள் இருக்கும். சிலவற்றில் ஒன்றுதான். விண்டோஸ் 8, 10 போன்றவற்றில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினால் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று காட்டும். இரண்டில் ஒன்று என்று வந்தால் ஓர் இடம் காலி. விண்டோஸ் 7-இல் அந்த வசதி இல்லை. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம், அல்லது அடிமூடியைத் திறந்து கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது உச்ச வரம்பு. மையச் செயலகமும் மதர் போர்டும் எவ்வளவு ரேம் வரை கையாளும் என்பது தயாரிப்பின்போதே முடிவாகிவிடும். 2010-ஐ ஒட்டி வந்த சிறிய நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்450, என்455 போன்ற செயலிகளுக்கு 2 ஜிபிதான் உச்சம். அதில் 4 ஜிபி வாங்கிப் போடுவது, அரைப்படி கொள்ளும் பாத்திரத்தில் ஒரு படி அரிசி போடுவதுதான். மாதிரி எண்ணைக் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்து, தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் உச்ச அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இயங்குதளமும் தன் பங்குக்கு ஒரு வரம்பு வைக்கும். 32 பிட் இயங்குதளத்தில் நினைவக முகவரி 32 இலக்க இரும எண். 2-இன் அடுக்கு 32 என்றால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இத்தனை பைட்டுக்குத்தான் கதவிலக்கம் கொடுக்க முடியும். அதுதான் 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதி முகவரிகள் திரை அட்டை முதலிய பிற சாதனங்களுக்குப் போய்விடுவதால் 32 பிட் விண்டோஸில் 4 ஜிபி போட்டாலும் மூன்றே கால், மூன்றரை என்றுதான் கைக்கு வரும். அக்காலத்து மலிவு விலைக் கணினிகளோடு வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது. ஆகவே ரேம் கூட்டும் முன் செயலி 64 பிட்டா என்று பார்த்து, அப்படியானால் இயங்குதளத்தையும் 64 பிட்டாக மாற்றத் திட்டமிடுங்கள்.

கடைசியாக வகை. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்ற தலைமுறைகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. மடிக்கணினி ரேமில் டிடிஆர்2-க்கு 200 முனைகள், டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260. அடிவிளிம்பில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். எனவே தவறானது உள்ளே போகாது. போகவில்லை என்றால் அழுத்தக் கூடாது என்பதை மாணவர்களுக்கு இருமுறை சொல்ல வேண்டும்.

டிடிஆர்3-க்குள்ளேயே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண டிடிஆர்3 இயங்குவது 1.5 வோல்ட்டில். டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட்டிலும் இயங்கும், 1.5 வோல்ட்டிலும் இயங்கும். இன்டெல் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் பொதுவாகக் குறைந்த மின்னழுத்த வகையை மட்டுமே ஏற்கும். அதற்கு முந்தைய டிடிஆர்3 கணினிகளில் பெரும்பாலும் இரண்டுமே ஓடும். ஐயம் வந்தால் டிடிஆர்3எல் வாங்குவது பாதுகாப்பு.

பழைய ரேமை வெளியே எடுத்தால் அதன் மேல் ஒட்டியுள்ள தாளிலேயே எல்லாம் இருக்கும். எடுத்துக்காட்டாக, '4 ஜிபி பிசி3எல்-12800எஸ்' என்று இருந்தால் பிசி3 என்பது டிடிஆர்3-ஐக் குறிக்கிறது, எல் என்பது குறைந்த மின்னழுத்தம், கடைசி எஸ் மடிக்கணினிக்கான சிறிய அளவு. அந்த இடத்தில் யு இருந்தால் அது மேசைக் கணினிக்குரியது. 12800 என்பது விநாடிக்கு எத்தனை மெகா பைட் கடத்த முடியும் என்ற எண். ஒவ்வொரு தடவையும் 64 பிட், அதாவது 8 பைட் போவதால் 12800-ஐ 8-ஆல் வகுங்கள். 1600 வருகிறது. கடைக்காரர் '1600 பஸ் ஸ்பீடு' என்று சொல்வது இதைத்தான். வேறுபட்ட வேகமுள்ள இரண்டைப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். நட்டமில்லை.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கணினிகளிலிருந்து கழற்றிய ரேம் கிடைக்கும். டிடிஆர்3-க்கு அதுவே போதும். விலை ஏறி இறங்கும் என்பதால் இரண்டு கடையில் விசாரியுங்கள். மடிக்கணினியைக் கையோடு கொண்டு போய், அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லி, ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்குவது நல்லது.

திறப்பதும் பொருத்துவதும்

வேலை பத்து நிமிடம்தான். கணினியை முழுமையாக நிறுத்துங்கள். மூடிவைத்துத் தூங்கவிடுவது நிறுத்துவதாகாது. விண்டோஸ் 8, 10-இல் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால்தான் முழுதாக நிற்கும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும்.

நிலைமின்னூட்டம் பற்றி ஒன்பதாம் வகுப்பில் நடத்துகிறோம். அது இங்கே நிசமான எதிரி. நம் விரலிலிருந்து பாயும் பொறியை நாம் உணர வேண்டுமானால் இரண்டு, மூன்றாயிரம் வோல்ட்டாவது இருக்க வேண்டும். சில்லு பழுதாக அதைவிட மிகக் குறைவே போதும். எனவே நமக்கு ஒன்றும் தெரியாமலே ரேம் போய்விடலாம். நைலான், பாலியஸ்டர் துணியைத் தவிர்த்துப் பருத்தி உடுத்திக்கொண்டு, மர மேசையில் வேலை செய்யுங்கள். தொடங்கும் முன் பெயிண்ட் அடிக்காத இரும்பையோ உலோகத் தண்ணீர்க் குழாயையோ தொட்டுவிட்டு வாருங்கள். ரேமை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். பொன்னிற முனைகளில் விரல் படக் கூடாது.

பல பழைய மாதிரிகளில் அடியில் ரேமுக்கென்றே ஒரு சிறு மூடி இருக்கும். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். சிலவற்றில் அடிப்பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். இன்னும் சிலவற்றில் இரண்டாவது ஸ்லாட் விசைப்பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும். அந்த வகையை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கழற்றிய திருகுகளை, எந்த இடத்துத் திருகு எது என்று தாளில் படம் வரைந்து அங்கங்கே செலோ டேப்பில் ஒட்டிவிடுங்கள். நீளம் மாறிய திருகு உள்ளே எதையாவது குத்திவிடும்.

ரேமின் இரு பக்கமும் சிறிய உலோகக் கொக்கிகள் இருக்கும். இரண்டு கட்டை விரலாலும் வெளிப்பக்கமாக விலக்கினால் ரேம் சாய்வாக எழும்பும். அதே சாய்வில் இழுத்தால் வந்துவிடும். புதியதைப் பொருத்தும்போதும் அதே சாய்வு, ஏறத்தாழ 30 பாகை. வெட்டுக்கு வெட்டு பொருத்தி, பொன்னிற முனைகள் கண்ணில் படாத அளவுக்கு உள்ளே தள்ளி, பிறகு கீழ்நோக்கி அழுத்தினால் 'டிக்' என்று கொக்கிகள் பிடித்துக்கொள்ளும்.

இயக்கியதும் முதல் தடவை திரை சற்று நேரம் இருட்டாக இருக்கலாம். பொறுங்கள். திரை வராமல் பீப் ஒலி மட்டும் வந்தால் ரேம் சரியாக அமரவில்லை. நிறுத்தி, மறுபடி எடுத்துப் பொருத்துங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். கணினி ஓடத் தொடங்கிவிட்டது என்பதோடு விட்டுவிடாமல், ஓர் இரவு மெம்டெஸ்ட்86+ சோதனையையோ விண்டோஸின் மெமரி டயக்னாஸ்டிக்கையோ ஓட விடுங்கள். பழுதான ரேம் கணினியை நிறுத்தாமலே கோப்பில் ஓர் எழுத்தையோ எண்ணையோ மாற்றிவிடக் கூடும். மதிப்பெண் பட்டியல் வைத்திருக்கும் கணினிக்கு இந்த ஓர் இரவு அவசியம்.

விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 முதலிய வசதிகள் பழைய கணினிகளில் இல்லை. ரேம் எவ்வளவு போட்டாலும் இது மாறாது. இத்தகைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ நல்ல தேர்வு. 4 ஜிபியில் இதமாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. வானவில் எழுத்துருவில் பழைய வினாத்தாள்கள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவிக்கொள்ளலாம்.

பள்ளிக் கணினி என்றால்

மாணவருக்கு வழங்கப்பட்ட மடிக்கணினி அவருடையது. பெற்றோரின் சம்மதத்தோடு திறக்கலாம். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் உள்ள கணினி அப்படியல்ல. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளையும், உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ளவற்றையும் நாம் தொடக் கூடாது. புகார் பதிவு செய்வதே முறை. அந்தக் காலம் முடிந்த பழைய மடிக்கணினியாக இருந்தாலும் தலைமை ஆசிரியரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, புதிதாகப் போட்டதையும் கழற்றி எடுத்ததையும் பதிவேட்டில் குறித்துவிடுங்கள். விரல் நீளத் தகடுதானே என்று விட்டால் தணிக்கையின்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கழற்றிய ரேம் ஒரு பாடப் பொருள்

பழுதாகி ஒதுக்கிய ரேம் ஒன்று மாணவர் கைக்குப் போகட்டும். அதற்கு முன் கரும்பலகையில் ஓர் ஓட்டைக் குடம் வரையுங்கள். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாகத்தான் இருக்கிறது. அது தொடர்ந்து கசியும். ஆகவே ஒவ்வொரு 64 மில்லி விநாடிக்குள்ளும் எல்லா மின்தேக்கிகளையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். விநாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல். மின்சாரம் நின்றால் நிரப்புவதும் நிற்கும், எழுதியதெல்லாம் போய்விடும். ரேம் ஏன் தற்காலிக நினைவகம் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி என்ற இந்த அமைப்புக்கு ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்றார். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் நினைவகம் வரும்போதும், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்தேக்கி வரும்போதும் இதைக் காட்டலாம்.

பிறகு கணக்கு. 2 ஜிபி ரேமில் எட்டுச் சில்லுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் எத்தனை மின்தேக்கிகள்? 2 ஜிபி என்பது 2-இன் அடுக்கு 31 பைட்டு. பைட்டுக்கு எட்டு பிட். எட்டால் பெருக்கி எட்டுச் சில்லுக்குப் பங்கிட்டால் மறுபடி 2-இன் அடுக்கு 31 தான். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 648. ஒரு நகத்தளவுச் சில்லுக்குள் இத்தனை குடங்கள். விடையை நாம் சொல்லாமல் அவர்களையே எட்ட விட வேண்டும். அடுக்கு விதிகள் தெரிந்த மாணவர் பெருக்காமலே சொல்லிவிடுவார், மற்றவர் தாள் நிறையப் பெருக்குவார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வகுப்பில் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: "மிஸ், செல்போனுக்கும் இதே மாதிரி ரேம் போடலாமா?" முடியாது. செல்போனில் ரேம் பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இப்போது வரும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும் அப்படித்தான். வாங்கும் அன்று இருப்பதுதான் கடைசி வரை. அதனால் எந்த மாணவரின் பெற்றோராவது புதிய மடிக்கணினி வாங்கப் போவதாகச் சொன்னால், ரேம் எவ்வளவு என்பதோடு, காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்றும் கடையில் கேட்கச் சொல்லுங்கள்.